மூச்சடக்கிய முப்பத்திரண்டு வண்டிகள்

சென்னியப்பன் மோட்டார்ஸ் களத்தில் நின்ற இருபத்திரண்டு டீசல் கார்களும் மூச்சை அடக்கிக்கொண்டன. அதில்தான் எல்லாம் கெட்டது.

காரணம் சின்னது. மாநில அரசு புது விதி போட்டிருந்தது. ஆடி ஒன்றுக்குப் பிறகு பழைய அளவில் புகை விடும் வண்டி எதையும் விற்கக் கூடாது. அதை அச்சடித்து ஊருக்கு ஊர் ஷோரூம் கேட்டில் ஒட்டச் சொன்னார்கள். ஊத்துப்பாளையத்துக்கு வந்தவன் வெயிலுக்குப் பயந்து, நிழல் விழுந்த உள்பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனான். சாலையில் போன மனுசன் ஒருவன் கண்ணிலும் அது படவில்லை. களத்தில் சும்மா நின்ற வண்டிகள் ஒன்றுவிடாமல் படித்தன.

ரோஷமுள்ள வண்டிகள். அன்றே மூச்சை நிறுத்தின. மூன்றாம் நாள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின. மூச்சை அடக்கினால் மேலே வரும். கிணற்றில் குதித்தவனுக்கெல்லாம் தெரியும். ஒரு வாரத்தில் தென்னை மட்டத்துக்குப் போய்விட்டன. சென்னியப்பன் சந்தைக்குப் போய்த் தாம்புக்கயிறு வாங்கி வந்தார். முளையடித்து ஒவ்வொன்றையும் கட்டினார். எருமைக்குப் போடுகிற முடிச்சுதான். நின்றன.

பிறகு கம்பெனியின் ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டார்.

"வண்டியெல்லாம் மேல போயிருச்சுங்க சார்."

"தரையில இல்லியா?"

"இல்லீங்க. மேல இருக்குதுங்க."

"தரையில இல்லாதது ஸ்டாக் ஆகாதுங்க. அப்ப உங்க களம் காலி. நாளைக்கு இன்னும் பத்து வருது."

கம்பெனிக்கு அதன் அவசரம். ஆடி பிறப்பதற்குள் பழைய வண்டி அத்தனையையும் எந்த டீலர் தலையிலாவது கட்டியாக வேண்டும். பத்தும் வந்தன. லாரியிலிருந்து இறங்கும்போதே நோட்டீசைப் பார்த்துவிட்டன. சென்னியப்பன் மறுபடியும் சந்தைக்குப் போனார். கயிற்றுக்கடைக்காரர் இந்த முறை எத்தனை என்று கேட்கவில்லை.

பத்து வண்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. ஆனி முடிவதற்குள் ஒரு வண்டியாவது விற்க வேண்டும். இல்லாவிட்டால் டீலர் போர்டு எதிர்ச்சாரியில் இருக்கும் பங்காளி பெரியதம்பிக்குப் போய்விடும். பதினெட்டு வருஷமாகச் சென்னியப்பன் தினமும் காலையில் தன் கையால் துடைக்கிற போர்டு. பெரியதம்பி மறுநாளே ஏணியோடும் டேப்போடும் வந்து அதை அளந்தான்.

"சும்மா அளந்துட்டுப் போறனுங்கண்ணா. அவசரமில்லே."

"எத்தனை அடி?"

"பதினெட்டுங்க."

"உன்ற செவுரு பதினாறு. இடிச்சுக் கட்டு, போ."

சொல்லிவிட்டார். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விற்பனை என்றால் எது என்பதில் கம்பெனி விதி கறாராக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நாலும் நசுங்கினால்தான் விற்றதாக அர்த்தம். மூன்று நசுங்கினால் வண்டி இன்னும் டீலருடையது. வாங்குவதற்கு ஆள் இருந்தார். தேங்காய் வியாபாரி ராக்கியப்பன். ஆனி கடைசி வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம் என்று குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் ஆடி.

சென்னியப்பன் சும்மா இருக்கவில்லை. ராக்கியப்பன் பார்த்து வைத்திருந்த வண்டியில் எட்டுச் சுமைக்காரர்களை ஏற்றிப் பார்த்தார். இரண்டடி இறங்கியது. ஆனால் ஏறியவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். வண்டியே அடக்கும்போது நாம் விடுவதா என்று அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னைவிட நாலடி கூடப் போயிற்று. மதியம் பசித்ததும் தென்னையைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

புகை இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் வந்தார். பெரியதம்பி போர்டை அளந்துவிட்டுச் சாத்தியே விட்டுப்போன ஏணியில் ஏறினார். ஒவ்வொரு வண்டியின் பின்குழாயிலும் கருவியை வைத்துப் பார்த்தார். பூஜ்யம். முப்பத்திரண்டுக்கும் 'ஆயுளுக்கும் புகை இல்லை' என்று அழியாத மையில் சான்றிதழ் எழுதினார்.

"மாவட்டத்துலயே இப்படி ஒரு களம் கெடையாதுங்க."

"எறங்க மாட்டேங்குதுங்களே?"

"எறங்கறது வேற டிபார்ட்மெண்டுங்க. நானு புகை மட்டும்."

பக்கத்துக் களத்தில் கொப்பரை காயப்போடும் அப்புக்குட்டியும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். "ஏனுங்க, உங்க ஸ்டாக்கு நெழலு என்ற கொப்பரை மேல விழுகுதுங்க. ரெண்டு வண்டிய அக்கட்டால இழுத்துக் கட்டுங்க."

சென்னியப்பன் இழுத்துக் கட்டினார். அது நியாயமான பேச்சு.

வெள்ளிக்கிழமை வந்தது. சென்னியப்பன் விடியலில் எழுந்து போர்டைத் துடைத்தார். கடைசித் தடவையாக இருக்கலாம் என்று மூலைகளையும் துடைத்தார். ராக்கியப்பன் ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு வந்தார். மாலை, தேங்காய், சந்தனம் எல்லாம் இருந்தன. பழம் நாலும் களத்தில் அளவாக வைக்கப்பட்டன. சக்கரம் நாலும் தென்னை உயரத்தில் இருந்தன. பெரியதம்பி ஏணியில் ஏறி உட்கார்ந்து, போர்டைக் கழற்ற ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான்.

ஒன்பதே முக்கால் ஆயிற்று.

ராக்கியப்பனின் அக்கா வாரச்சந்தையில் வரமிளகாய் விற்பவள். திருஷ்டி சுற்றத்தான் வந்திருந்தாள். நேரமாகிறது என்று அவளுக்குக் கோபம்.

"டேய் ராக்கியப்பா, வண்டி எதுடா?"

"அந்தா மேல, மூணாவதுக்கா. வெள்ளை."

அவள் மண்சட்டியில் தணலைப் போட்டாள். இரண்டு கை நிறைய மிளகாயும் கல்லுப்பும் எடுத்தாள். கழுத்தை அண்ணாந்து, வெள்ளை வண்டியைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். தணலில் கொட்டினாள்.

கண் பட்டிருந்தால் நெடி வராது. நெடி வந்தது.

"ஒருத்தனும் கண்ணு வெக்கலீங்க," என்றாள். "இது வெறும் வீம்பு."

நெடி மேலே போயிற்று. வெள்ளை வண்டிக்கு முன்கண்ணாடி நடுங்கியது. வைப்பர் இரண்டும் எழுந்து நின்றன. பிறகு அது தும்மியது. தும்மிக்கொண்டே வந்து நாலு பழத்தின் மேலும் உட்கார்ந்தது. சென்னியப்பன் மண்டி போட்டு எண்ணினார். நாலும் நசுங்கியிருந்தன. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

அதற்குள் மற்றவையும் ஆரம்பித்துவிட்டன. முப்பத்தோரு தும்மல். ஒன்று சற்றுத் தள்ளிப்போய்க் கொப்பரை மேல் இறங்கியது. எண்ணெய் ஓடியது. அப்புக்குட்டி ஓடிப்போய் அண்டா வைத்துப் பிடித்துக்கொண்டார். பெரியதம்பி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தான்.

களம் முழுக்கப் புகை. சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

தான் சான்று கொடுத்த வண்டிக்கு மாலை போட வந்திருந்த திருவேங்கடம் நோட்டை எடுத்தார். "இவ்வளவு புகையை யாரு பேர்லயாச்சும் எழுதோணுமுங்க. வண்டி பேர்ல எழுத முடியாது. ஆயுளுக்கும் பூஜ்யம்னு நானே கொடுத்துட்டேன்."

"மொளகா என்ற கையில இருந்துதான போச்சு?" என்றாள் அக்கா. "என்ற பேர்ல எழுதிக்க."

"அப்ப நீங்க வாகனம் ஆயிருவீங்க."

"ஆயிட்டுப் போறேன். சந்தைக்கு நேரமாச்சு."

"இலகு ரகமா, கன ரகமாங்க?"

"நாக்கு மட்டும் கனமுங்க," என்றார் ராக்கியப்பன். "மத்ததெல்லாம் இலகு."

"ஹாரன்?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் 'உண்டு' என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை நம்பர் பிளேட் வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சென்னியப்பன் சந்தைக்கே போய், தன் கையால் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவள் சாலையில் இடது ஓரமாகவே நடக்கிறாள். திரும்பும்போது கை காட்டுகிறாள். முப்பத்திரண்டு வண்டியையும் தரைக்கு இறக்கிய அந்த இலகு ரக வாகனத்தின் பெயர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி, நஞ்சக்காள்.