கூழில் கரைத்த பொடி

டமாரென்று டிபன் பாக்ஸ் தெறித்து விழுந்தது. பெருநகர் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் திரும்புவதற்குள், திலகாவும் அதன் பக்கத்தில் சரிந்துவிட்டாள்.

"ஐயோ, ஆட்டோவ நிறுத்துங்கடி!" என்று தோழி மலர்க்கொடி கத்தினாள். டிபன் பாக்ஸை எடுத்தாள். உள்ளே ஒரு பருக்கை சோறு இல்லை.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் திலகாவுக்கு டிரிப்ஸ் இறங்கியது. மலர்க்கொடி விடவில்லை.

"காலி டப்பாவ தூக்கினு வந்து யாருக்குடி படம் காட்ற?"

திலகா அழுதாள். கல்யாணமான கையோடு மஸ்கட் போன கணவன் வசந்த்குமார், வரும் பொங்கலுக்குத்தான் முதன்முதலாக ஊர் திரும்புகிறான். ஆசையாகக் கல்யாண ரவிக்கையை எடுத்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அன்றிலிருந்து வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டினாள். அவனும் முகம் மட்டும் தெரியத்தான் பேசுவான். அந்த முகத்தைத் தடவினால் விரலில் போன் கண்ணாடிதான் தட்டுப்படும்.

உடம்பு இளைக்குமென்று போன் விளம்பரத்தில் பார்த்து வாங்கிய கீட்டோன் பொடியைக் காலைக் கூழில் கரைத்துக் குடித்தாள். மற்ற வேளைகளில் பட்டினி.

"சாப்பாடு கொறஞ்சா ஒடம்பு சேத்துவெச்ச கொழுப்ப எடுத்து கீட்டோனா மாத்தும்" என்றார் டாக்டர் பிரபா. "மூளை, இதயம், தசை எல்லாம் அதை எரிச்சு வேலை செய்யும். நீ அதையே ரெடிமேடா குடிச்சிருக்க. கொஞ்ச நேரத்துக்குத் தெம்பு வரும். ஆனா வெளிய இருந்து வந்தது எரியும்போது, உள்ள இருக்கிற கொழுப்ப ஒடம்பு எதுக்குத் தொடணும்?"

"அப்ப எரிஞ்சது என் கொழுப்பு இல்லியா மேடம்?"

"எரிஞ்சது நீ வாங்கின பொடிம்மா! இளைக்கணும்னா இங்க வந்து கேளு. விளம்பரத்த நம்பி வயித்தக் காயப்போடாத. ரவிக்கையப் பிரிச்சுத் தைக்கலாம், ஒடம்பப் பிரிச்சுத் தைக்க முடியாது."

அப்போது போன் சிணுங்கியது. வசந்த்குமார்! திலகா மறைப்பதற்குள் மலர்க்கொடி கட்டில் முழுவதும் தெரியும்படி போனைத் திருப்பினாள்.

"நல்லா பாருண்ணா! உன்ன நெனச்சிக்கினு உன் பொண்டாட்டி பொடியக் குடிச்சிட்டு பட்டினி கெடந்தா."

"திட்டாத மாமா" என்றாள் திலகா. "நீ கட்டிக்கின திலகாவாவே உன் எதிர்ல நிக்கணும்னு ஆசப்பட்டேன்."

வசந்த்குமார் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தான்.

"என் தொந்தியப் பாரு புள்ள... கல்யாண சட்ட பட்டன் போட முடியாம, நானும் அதே பொடியத்தான் குடிச்சிக்கினு கீறேன்!"