முப்பத்தொன்றாம் சாவடியில் மூன்று

காலை ஏழு நாற்பது. மர அறுவை மில்லில் சங்கு ஊத இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கிளார்க் ஒரு தாளைக் கொண்டுவந்து வாசல் பலகையில் ஒட்டினார். பொதுத்தேர்தலில் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்ற பட்டியல். ஒட்டச் சொன்னவர் முதலாளி. முப்பத்தொன்றாம் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தவரும் அவர்தான்.

முப்பத்தொன்றாம் சாவடி மில்லுக்கு எதிரே உள்ள நூலகம். மில் ஆட்களும் அவர்கள் வீட்டாரும் ஓட்டுப் போட்ட இடம். அங்கே பதிவானது இருநூற்றுப் பதினான்கு. முதலாளி சுயேச்சையாக நாற்காலிச் சின்னத்தில் நின்றிருந்தார். அவருக்கு விழுந்தது மூன்று.

லாரி டிரைவர் அதைச் சத்தமாகப் படித்தான்.

"மூணா? நாற்காலிக்கு நாலு கால் வேணுமேடா. இதுல உக்காந்தா கவுந்துடும்."

"மெதுவா பேசுண்ணே. மாடி ஜன்னல் தெறந்திருக்கு."

"தெறந்தா என்ன? அந்த மூணுல ஒண்ணு என்னுது."

"அன்னைக்கு நீ லோடு ஏத்திக்கிட்டுப் போய் ஊர்லயே இல்லயே."

"மனசால போட்டேன்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ரம்பத்தின் பக்கம் போனார்.

அவருக்கு அந்த மில்லில் இருபத்தாறு வருடம். மாதக் கடைசியில் ஓய்வு. மரக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில் மனைவி, மகன், மருமகளோடு குடியிருந்தார். வீடு மில்லுடையது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். மருமகளுக்கு ஏழாவது மாதம்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி அவரை மாடிக்குக் கூப்பிட்டார்.

"ரிட்டயர் ஆனாலும் அந்த வீட்டுலயே இருங்க மேஸ்திரி. உங்களை யார் போகச் சொல்லப் போறா?" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஆமா, உங்க வீட்ல எத்தனை ஓட்டு?" என்றார்.

"நாலு முதலாளி. நாலும் உங்களுக்குத்தான்."

பட்டியல் ஒட்டிய அன்று ஒன்பது மணியிலிருந்து முதலாளி ஆட்களை ஒவ்வொருவராக மாடிக்கு வரவழைத்தார். போனவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர் அந்த மூன்று ஓட்டையும் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கிளார்க் மேஸ்திரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணு மணிக்கு உங்களை வரச் சொன்னார்."

"என்னவாம்?"

"அவர் யாரையும் நம்பல. உங்களை மட்டும்தான் நம்புறார். அந்த மூணும் மேஸ்திரி வீட்டு ஓட்டுதான்னு அடிச்சுச் சொல்றார். அப்படின்னா நாலாவது எங்கேன்னு கேக்குறார்."

மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது பட்டியலின் செய்தி அவருக்கு முன்னால் வந்திருந்தது. மகன் மில்லுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மோட்டார் கடையில் வேலை செய்கிறான். அவனும் சாப்பிட வந்திருந்தான். நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நான் அமுக்கினேன்பா. லைட்டு எரிஞ்சுது, பாத்தேன்" என்றாள் மேஸ்திரியின் மனைவி.

"நானும்தான்" என்றான் மகன். "எல்லாரும் போட்டா எப்படி மூணு வரும்? மெஷினா பொய் சொல்லுது?"

அவன் யாரைப் பார்க்கிறான் என்று மருமகளுக்குத் தெரிந்தது. தேர்தலுக்கு முன்னால், "அவருக்கு எதுக்குப் போடணும்?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"என்னை எதுக்கு முறைக்கிறே? மாமா சொன்னார், போட்டேன். எனக்கும் தங்க ஒரு வீடு வேணும்ல?"

"சரிடி. நீ போட்ட. ஆனா நீதான் மாத்திப் போட்டன்னு சொல்லிடலாம். வெளியூர்லேர்ந்து வந்த பொண்ணு, தெரியாம அமுக்கிட்டான்னு சொன்னா விட்டுடுவார்" என்றான் மகன்.

"நல்லா இருக்கே. போட்டதும் நான், போடாததும் நானா?"

"வீடு தங்கும்னா ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். உன் வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் மாமியார்.

மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது ஓட்டு அவருடையது.

இருபத்தாறு வருடமாக அவர் அளந்து அடுக்கிய ஒவ்வொரு பலகையையும் முதலாளி தன் சொந்த டேப்பை எடுத்து மறுபடி அளந்திருக்கிறார். ஒரு தடவைகூட வித்தியாசம் வந்ததில்லை. மறுநாள் திரும்பவும் அளப்பார். ஓட்டுப் போட்ட அன்று சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மேஸ்திரி மட்டும் இருந்தார். விரல் நாற்காலிக்கு நேராகத்தான் போனது. பிறகு இரண்டு வரி கீழே இறங்கியது. அங்கே இருந்த பெயர் யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது. வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தது. இந்தச் சாவடியில் எப்படியும் நூறு ஓட்டாவது முதலாளிக்கு விழும், அதில் ஒன்று குறைந்தால் யார் கண்ணில் படும் என்று நினைத்திருந்தார். எல்லோரும் அப்படியே நினைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"சரி, நான்தான்னே சொல்லிடுங்க மாமா" என்றாள் மருமகள். "ஆனா நான் போட்டேன். அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

மேஸ்திரி எழுந்து கை கழுவப் போனார். மனைவி அவர் முதுகையே பார்த்தாள். "ஏங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மருமகளின் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

மூன்று மணிக்கு மாடியில் முதலாளி மட்டும் இருந்தார். மேசையில் பட்டியலின் இன்னொரு பிரதி. அதற்கு மேல் டைப் அடித்த வேறொரு தாள்.

"உக்காருங்க மேஸ்திரி."

மேஸ்திரி உட்காரவில்லை.

"தொகுதியில தோத்தது எனக்குப் பெருசா தெரியல. எதிர்த்த வாசல்ல மூணு. அதான் தொண்டையில நிக்குது. அந்த மூணும் உங்க வீடு. சரிதானே?"

"சரிதான் முதலாளி."

"நாலாவது?"

"நான்தான்."

முதலாளி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மருமகளைக் காப்பாத்துறீங்க. நல்ல மனுஷன். எனக்குத் தெரியாதா? என்னைப் பத்தி அந்தப் பொண்ணு என்ன பேசுச்சுன்னு காதுக்கு வந்துச்சு. வாயும் வயிறுமா இருக்கு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். இங்க வந்து, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். அவ்வளவுதான்."

மேலே இருந்த தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"வீடு உங்க ரெண்டு பேர் ஆயுசுக்கும். எழுதியே வச்சிருக்கேன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

மேஸ்திரி தாளைப் படித்தார். அவருடைய பெயரும் மனைவியின் பெயரும் பிழையில்லாமல் இருந்தன. படித்து முடித்ததும் அதைத் திருப்பி மேசையின் நடுவில் வைத்தார்.

"அவ போட்டா முதலாளி. என் வீட்டுக்காரி போட்டா. பையன் போட்டான். நான் போடச் சொன்னேன், மூணு பேரும் போட்டாங்க. நான் மட்டும் போடல. அந்தப் பொண்ணு எதுக்கு இங்க வரணும்?"

முதலாளி பட்டியலை எடுத்தார். முப்பத்தொன்றாம் வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. மேஸ்திரி எதிரே இருப்பதை அவர் மறந்துவிட்டது போல இருந்தது.

"இருபத்தாறு வருஷம்" என்றார் கடைசியில். "நீங்க."

"ஆமா முதலாளி."

கீழே டீ இடைவேளை முடிந்து ரம்பம் ஓட ஆரம்பித்தது. முதலாளி டைப் அடித்த தாளை இரண்டாக மடித்தார். இழுப்பறையைத் திறந்தார். தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூடினார்.

மேஸ்திரி காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுக்கணும் முதலாளி?"