மூக்கு சொன்ன சாட்சி

என் புருஷனைக் கண்டால் எனக்குத் தும்மல் வரும். சிரிக்காதீர்கள். சிரித்தவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. புக்ககம் வந்த பெண்ணுக்கு ஜுரம் வரலாம், வயிற்றுவலி வரலாம், அதற்கெல்லாம் கஷாயம் உண்டு. புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கண் சிவந்து, மூக்கு அரித்து, மூச்சு இழுக்கிற வியாதிக்கு யார் என்ன கஷாயம் கொடுப்பார்கள்? ஊர்ப் பேச்சுத்தான் கொடுப்பார்கள்.

அவர் பேரைச் சொல்லக் கூடாது. பேர் இல்லாமல் எப்படிக் கதை சொல்வது? சக்ரபாணி. சொல்லிவிட்டேன், ஆயுசு குறைந்தால் நான் பொறுப்பில்லை. மைசூரில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வீடு தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டில் அவர், அவருடைய அம்மா பத்மாஸினி, நான் ஸத்யபாமா, அப்புறம் புழக்கடைக் கொட்டகையில் முயல்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை ஒரு ஜோடியை இவரிடம் விட்டுப் போனாராம். ஜோடி குடும்பமாகிவிட்டது. எல்லாம் வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கண்ணோடு. கச்சேரியிலிருந்து வரும்போதே மார்க்கெட்டில் முட்டைக்கோஸின் வெளி இலையும் முள்ளங்கித் தழையும் வாங்கிக்கொண்டு வருவார். குமாஸ்தாவுக்கு வீட்டில் இதுதான் சாப்பாடா என்று கடைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அவருக்கு அதெல்லாம் காதிலேயே விழாது.

நான் முயல்களைத் தொட்டது கிடையாது. தொட்டால் விழுப்பு, மறுபடி தலையோடு குளிக்க வேண்டும். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி. சாயங்காலம் அவர் ஒரு முயலை மார்போடு அணைத்துக்கொண்டு அதன் காதில் என்னவோ பேசுவார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஜன்னலில் நின்றுதான் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கல்யாணத்தன்று பிடித்ததா என்று கேட்டால் தெரியாது. ஹோமப் புகையில் முகமே சரியாகத் தெரியவில்லை.

என் மாமியார் ஆசாரத்தில் மகா கெட்டி. வெளியிலிருந்து வந்த பிள்ளை கால் அலம்பி, வேஷ்டி மாற்றி, முயல் பட்ட துணியைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம். கம்பளிக்கு மட்டும் சலுகை. கம்பளிக்கும் பட்டுக்கும் விழுப்பு கிடையாது என்பார். அதனால் இவருடைய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு கேள்வி முறை இல்லாமல் கொட்டகைக்கும் போகும், கூடத்துக்கும் வரும். மைசூர்க் குளிரில் அது இல்லாமல் அவரால் முடியாது. அதை யாரும் துவைத்து நான் பார்த்ததில்லை.

தீபாவளி கழிந்து நான் வந்து சேர்ந்தேன். முதல் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிரயாணம் சௌக்யமா இருந்துதா?" என்றார். பதிலுக்குத் தும்மினேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னும் தும்மினேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. வேடிக்கை என்னவென்றால் காலையில் ஒன்றும் கிடையாது. குளித்து, சந்தி பண்ணி, திருமண் இட்டுக்கொண்டு இலை முன் உட்காருவார். நான் சாத்துமது பரிமாறுவேன். கையோடு கை பட்டால்கூட மூக்கு சும்மா இருக்கும். சாயங்காலம் அதே மனுஷர் வந்து உட்கார்ந்தால் மார்பு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். காலையில் பிடிக்கிற புருஷனைச் சாயங்காலம் பிடிக்காமல் போகுமா? மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தாலோ பரம சுகம். அந்த மூன்று நாளும் அவர் என் பக்கமே வர மாட்டார் அல்லவா? இதையெல்லாம் நான் கவனித்தேனோ இல்லையோ, மாமியார் கவனித்துவிட்டார்.

"நீ வேணும்னு பண்றேன்னு நான் சொல்லலைடிம்மா" என்றார். "ஆனா மனசுல இருக்கறது எப்படியாவது வெளில வந்துதானே ஆகணும்?"

"என் மனசுல ஒண்ணும் இல்லைம்மா."

"உனக்குத் தெரியாம இருக்கும்."

பக்கத்து வீட்டு பசம்மா திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். வீடே தும்மிற்று, அன்று ஒரு நாள் மட்டும் நான் தனியாள் இல்லை. டாக்டரிடம் போனோம். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "மனசுல ஏதாவது பயம், வெறுப்பு உண்டோ?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, இவரைக் கேட்டார்! என் மனசில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர எல்லாரையும் கேட்டார்கள்.

இப்படி எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே குழப்பம் வந்துவிட்டது. பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது பொய்யோ? எனக்குத் தெரியாத எதையாவது இந்த மூக்கு தெரிந்து வைத்திருக்கிறதோ? ஜன்னலில் நின்று பார்க்கும்போது மனசு குளிர்கிறது, கிட்டத்தில் வந்தால் உடம்பு துரத்துகிறது. இதில் நான் யார் பக்கம்? யாரிடம் போய்க் கேட்பது இதை?

ஒரு நாள் சாயங்காலம் அவரே கேட்டுவிட்டார். கோபமாகக் கேட்டிருந்தாலாவது தேவலை. தலையைக் குனிந்துகொண்டு, "பாமா, என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார்.

ஐயோ, எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! "எனக்கு உங்களைப்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். தும்மல் அடுக்கடுக்காக வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டிற்று, மூச்சு எடுக்க முடியவில்லை. அவர், "சரி, புரிஞ்சுது" என்று எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். என்ன புரிந்தது? எனக்கே ஒன்றும் புரியவில்லை, இவருக்குப் புரிந்துவிட்டதாம்!

அதற்கப்புறம் அவருக்குப் போக்கிடம் கொட்டகைதான். கச்சேரி விட்டு வந்தால் இருட்டும் வரை முயல்களோடுதான். அப்புறம் உள்ளே வந்து கூடத்தில் ஒரு மூலையில் உட்காருவார். அவர் என்னை விட்டு விலக விலக எனக்கு இழுப்பு அதிகமாயிற்று. பெருமாளே, இது என்ன கணக்கு என்று அழுதேன். கடைசியில் மேல்கோட்டையிலிருந்து அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். அம்மா போன பிறகு வீட்டில் அவர் தனி. போய் ஒரு வாரம் ஆவதற்குள் எனக்கு மூச்சு தேங்காய் எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஆகிவிட்டது. குளத்துப் படி ஏறினேன், மலைமேல் நரசிம்மர் சன்னிதி வரைக்கும் ஏறினேன். ஊர் சும்மா இருக்குமா? புருஷனை விட்டு வந்ததும் பிழைத்துக்கொண்டாள் என்றது. நல்லபடியாக மூச்சு விடுவதுகூட எனக்கு எதிராகச் சாட்சி ஆயிற்று. நான் தலைகாணியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுததை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் மாமியாரின் தம்பி நம்பி மாமா வந்தார். தும்கூரில் ஒரு பெண் இருக்கிறாளாம். "பாமாவைத் தள்ளி வைக்கணும்னு யாரும் சொல்லலை. இவ இங்கே அப்பாவோட இருக்கட்டும், அவ அங்கே இருந்துட்டுப் போகட்டும். சக்ரபாணியே வந்து பாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்பான். அவ பிடிக்கலைன்னுட்டா மேற்கொண்டு ஆகட்டும்" என்றார். காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

நான் என்ன சொல்வேன்? பிடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தால் தும்மல் வரும். அந்தத் தும்மலைக் கேட்டுவிட்டு அவர் தும்கூருக்குப் போவார்.

தை மாதம், நல்ல காற்று. அவர் வந்தார். பஸ்ஸில் வந்தவர் குளிக்காமல் எங்கள் வீட்டில் கால் வைக்க முடியாது. கோட்டைக் கழற்றிப் பையில் சுருட்டி வைத்துவிட்டு, அப்பா கொடுத்த மடி வேஷ்டியோடு கல்யாணிக் குளத்துக்குப் போய் முழுகிவிட்டு, பல் தந்தியடிக்க வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அப்பா துளசி பறிக்கிறேன் என்று கொல்லைக்குப் போனார்.

தும்மல் வரப்போகிறது என்று தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. தலைப்பை எடுத்தேன். அப்போதும் வரவில்லை. விட்டால் போச்சு என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஜன்னலை, முயலை, அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை, எல்லாம். "எனக்கு உங்களைப் பிடிக்கும், பிடிக்கும், பிடிக்கும்" என்றேன். வெட்கம் எங்கே போயிற்றோ!

கொல்லைக்கதவு ஓரம் நின்றிருந்த அப்பா, "எல்லாம் நம்ம செல்வப்பிள்ளைப் பெருமாள் அனுக்ரஹம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நடுக்கறது" என்று சிரித்துக்கொண்டே இவர் பையிலிருந்து கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். எனக்கு மூக்கு அரித்தது. தும்மினேன். தும்மிக்கொண்டே இருந்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் என்ன பாமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! இப்போதுதானே நன்றாக இருந்தேன்? என்ன மாறிற்று? அதே மனுஷர், அதே இடம். கோட்டு ஒன்றுதான் புதிது. "அதைக் கழட்டுங்கோ" என்று கத்தினேன். கழற்றினார். அதை அப்பாவிடம் நீட்டினேன். "அப்பா, நீங்க இதைப் போட்டுண்டு என் பக்கத்துல வந்து உட்காருங்கோ."

"தைச்ச துணி இந்த உடம்புல பட்டதே இல்லையேம்மா."

"அப்பா!"

அப்பா கோட்டைத் தடவிப் பார்த்தார். "கம்பளிதானே, தோஷமில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மார்பிலும் தோளிலும் இட்டிருந்த பன்னிரண்டு திருமண்ணுக்கு மேல் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்துத் தும்மினேன் பாருங்கள், ஊரே கேட்டிருக்கும்.

"ஏன், எங்கப்பாவையும் எனக்குப் பிடிக்காதா?" என்று இவரைக் கேட்டேன். அப்பா கைமடிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கம்பளி முழுக்க வெள்ளை ரோமம்.

"முயல்!" என்றார் இவர். கோட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டுவிட்டு, இன்னொரு தடவை முழுகிவிட்டு ஓடிவந்தார். ஒரே சிரிப்பு. "அட ராமா, முயலா! முயல் எல்லாத்தையும் இன்னிக்கே யாருக்காவது குடுத்துடறேன். தும்கூருக்கும் ஆள் அனுப்பி வேண்டாம்னுடறேன். பாவம், அந்தப் பொண்ணு காத்துண்டிருப்பா."

"காத்துண்டிருப்பாளா? அவளைப் பார்த்தேளா?"

"நம்பி மாமா இழுத்துண்டு போனார். சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வந்தோம்."

"பார்த்துட்டு என்ன சொன்னேள்?"

சிரிப்பு நின்றது. "பாமா வேண்டாம்னுட்டா சரின்னேன்."

என்னிடம் கேட்பதற்கு முன்பே ஒருத்தியைப் பார்த்து, சரி என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். குளித்த ஈரத்தோடு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சத்தியமாகப் பிடிக்கவில்லை. கையிலிருந்த சொம்பை எறியலாமா என்றிருந்தது. மூக்கோ தேமே என்று கிடந்தது. நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

"முயலை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம். அதுகள் என்ன பண்ணித்து?" என்றேன். "கோட்டு கொட்டகையை விட்டு வரக் கூடாது. அதுகளைத் தொட்டா நீங்க குளிக்காம ஆத்துக்குள்ள வரக் கூடாது."

"சரி, சரி. அப்போ இன்னிக்கு பஸ்ஸுக்கே கிளம்பலாமா?"

"நான் வரலை."

"ஏன்? தும்மல்தான் இல்லையே!"

"தும்மல் இல்லை. கோபம் இருக்கு."

"அது எப்போ போகும்?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்கே போகலாம், போகாமலும் இருக்கலாம். தெரியலை என்றுதான் சொன்னேன். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பதும் தெரியவில்லை. பழக்க தோஷம், என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.