கடைசியில் இறக்கும் சரக்கு

"தலைப்பக்கம் தாழுது, தூக்கிப் பிடி!" என்று நாஸிம் கீழேயிருந்து கத்தினான்.

கயிற்றில் கட்டிய சந்தூக்கு தோணியின் சரக்கறைக்குள் மெல்ல இறங்கியது. அவன் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கி, முன்சுவர் வரைக்கும் நகர்த்திக்கொண்டுபோய் நிறுத்தினான். அலையில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மாவு மூட்டைகளை முட்டுக் கொடுத்தான். பிறகு நிமிர்ந்து, எப்போதும்போலக் கையை அசைத்தான். அடுத்த சரக்கு இறங்கத் தொடங்கியது.

சந்தூக்குப் பெட்டியில் இருந்தவர் அவன் தகப்பன், ஆதம் மனிக்கு. விடியற்காலையில் தலைநகர் மாலேயின் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயே குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியாகிவிட்டது. சொந்தத் தீவான ரானதூவில் அடக்க வேண்டும். ஆனால் தென்மேற்குக் காற்று சுழன்றடிக்கிறது. பயணிகள் படகு ஒன்றும் ஓடவில்லை. பெரிய சரக்குத் தோணிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ரானதூவுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் ரிசார்ட்டுக்கு, அப்பனும் மகனும் வேலை பார்த்த கம்பெனியின் சரக்குத் தோணி அன்றைக்குப் புறப்பட இருந்தது ஒரு அதிர்ஷ்டம். அப்படித்தான் அப்போது தோன்றியது.

மேனேஜர் ரஷ்வான் உடனே ஒப்புக்கொண்டார். "மனிக்குபேக்கு இதுகூடச் செய்யலேன்னா நாங்க என்ன மனுஷங்க?" என்று, அண்ணன் என்கிற மரியாதைக்குப் 'பே' சேர்த்துச் சொல்லி, நாஸிமின் தோளைத் தட்டினார். அடுத்த மூச்சிலேயே நிபந்தனைகளும் வந்துவிட்டன. "முதல்ல ரிசார்ட், அப்புறம்தான் உங்க ஊரு. கெஸ்ட் யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாது. அதனால மேல வேணாம், உள்ள வெச்சிடு. குளிர் மெஷின் ஓடிட்டே இருக்கும், அவருக்கும் நல்லதுதானே?"

அவருக்கு என்ன நல்லது என்று நாஸிம் கேட்கவில்லை. வருஷம் முழுக்க வியர்த்து வழியும் ஊரில், அவன் தகப்பன் கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு கம்பெனியின் குளிர்க்கிடங்கில் உழைத்தவர். யாரோ தின்னும் ஐஸ்கிரீம் உருகாமல் பார்த்துக்கொள்வதற்காக அரை ஆயுசை அதற்குள் கழித்தவர். ரானதூவுக்குப் போவது பெருநாளைக்குப் பெருநாள்தான். அவன் தாய் ஸகியா புருஷனோடு வாழ்ந்ததைவிட அவரைத் துறைமுகத்துக்கு வழியனுப்பியதுதான் அதிகம்.

தோணி கிளம்பும் நேரத்தில் பெரியப்பா ஹஸன் போன் செய்தார். "குழி வெட்டியாச்சுடா. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாடி வந்து சேருங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி அவ முகம் பாத்துட்டா, தொழுது அடக்கிடலாம். பொழுது சாஞ்சிட்டா நேரே பள்ளிவாசலுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன். மய்யித்தை வெச்சிக்கிட்டு லேட் பண்ணக் கூடாது."

"வந்துடுவோம் பெரியப்பா. மம்மாகிட்ட சொல்லுங்க."

"அவ காலையிலேருந்து வாசல்லதான் நிக்கிறா. வீட்டைக் கூட்டினா, பாய் விரிச்சா, மறுபடியும் கூட்டுறா."

வழியெல்லாம் மழை. நாஸிம் மாலுமி அறையின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்; தூக்கம் வரவில்லை. கப்டன் வஹீது அவன் தகப்பனின் வயதுக்காரர். சுக்கானைப் பிடித்தபடி கடலைத் திட்டிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், துக்கம் வந்தால் திட்டத்தான் தெரியும்.

ரிசார்ட்டின் பவளத்திட்டு தெரிந்ததும் ரேடியோவில் ஒரு குரல் வந்தது. "தோணி வெளியிலேயே நிக்கட்டும். கெஸ்ட்டோட சீப்ளேன் வருது. அது இறங்கினப்புறம் உள்ள வாங்க."

"எப்ப வரும்?" என்று கப்டன் கேட்டார்.

"மழை விட்டதும் கிளம்பும்."

கப்டன் ரேடியோவை மாட்டிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். மழை விடுகிற மாதிரி இல்லை. வலப்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் என்று தோன்றுகிற தூரத்தில், ரானதூவின் தென்னைகள் தெரிந்தன. பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர்கூடத் தெரிந்தது.

"போடா இவனுங்களும் இவனுங்க சீப்ளேனும்!" கப்டன் எஞ்சினை முடுக்கினார். "இப்ப தண்ணி ஏறி நிக்குது. உங்க ஊரு வாய்க்கால்ல சுலபமா நுழைஞ்சிடலாம். மனிக்குவை எறக்கிட்டு ஒரு எட்டுல திரும்பி வந்துடுறேன். ரஷ்வான் கேட்டா என்னைக் கேக்கட்டும். என்னடா முழிக்கிற? போ, சந்தூக்கை மேல எடு."

நாஸிம் எழுந்திருக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கப்டனின் கை எஞ்சின் பிடிமேலேயே நின்றுவிட்டது.

"என்னடா?"

"உள்ள இருக்காரு, வஹீதுபே. அடியில. எல்லாத்துக்கும் முன்னாடி."

சரக்கு ஏற்றுகிறவனுக்குத் தூக்கத்திலும் கை தவறாத ஒரு முறை உண்டு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். ரிசார்ட் முதல், ரானதூ அப்புறம் என்று மேனேஜர் சொன்னதும், நாஸிமின் கை யோசிக்கவே இல்லை. தகப்பனை முன்சுவரோடு சேர்த்து வைத்தது. அவருக்கு முன்னால் மாவு, அரிசி, தண்ணீர் பாட்டில், உறைந்த இறைச்சி, அதற்கும் முன்னால் எங்கிருந்தோ ஆகாயத்தில் பறந்து வந்த கீரையும் பழமும். சரக்கறை முகடு வரைக்கும், ஒரு விரல் நுழைய இடமில்லாமல், யாரும் குறை சொல்ல முடியாதபடி அடுக்கியிருந்தான். பெற்றவனை வைக்கிறோமா பெட்டியை வைக்கிறோமா என்றுகூட அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

"உனக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்த கப்டன் நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துடலாம்" என்றான் நாஸிம். "ஒரு பக்கமா வழி பண்ணி எடுத்துடலாம்."

கீழே குதித்தான். தோணியில் கூட வந்த சுமையாட்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். மழையில் மேல்தளத்தில் எதையும் வைக்க முடியாது. அட்டைப்பெட்டி நனைந்தால் கூழாகிவிடும். கிடைத்த இண்டு இடுக்கிலும் மாலுமி அறையிலும் சமையல் மூலையிலும் பெட்டிகளைத் திணித்தார்கள். கப்டனின் படுக்கைமேல் இறைச்சி ஏறியது. நாஸிம் வெறி பிடித்தவன்போல இழுத்தான். நகம் பிய்ந்தது தெரியவில்லை. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு சந்து விழுந்து, மாவு மூட்டைகளுக்கு நடுவே சந்தூக்கின் ஓரம் கண்ணில் பட்ட நேரத்தில், மேலே எதுவோ இரைந்துகொண்டு போனது. மழை விட்டிருந்தது. சீப்ளேன் இறங்கிவிட்டது.

ரேடியோ கத்தியது. "உடனே உள்ள வாங்க. கிச்சன்ல காத்திருக்காங்க. எங்க நிக்கிறீங்க?"

கப்டன் கீழே எட்டிப் பார்த்தார். "விடுடா. இந்தச் சந்துல சந்தூக்கு வெளிய வராது. இழுத்துப்போட்டதையெல்லாம் திரும்ப வை. அங்க போயி எறக்குறதுதான் சீக்கிரம்."

ரிசார்ட்டின் பின்பக்கத் துறையில், விருந்தாளிகள் பார்க்க முடியாதபடி வளர்த்துவிட்ட புதர்களுக்குப் பின்னால், ஸ்டோர்கீப்பர் குடையோடு நின்றார். பெட்டிகள் இறங்க இறங்க அவர் முகம் சுளித்தது. அரிசிக்கு மேல் தக்காளி, தக்காளிக்கு மேல் இறைச்சி. கீரைப்பெட்டி ஒன்று நசுங்கியிருந்தது.

"என்ன இது, சந்தைக்கடை மாதிரி? மனிக்குபே அனுப்புற லோடுல இப்படி ஒரு நாளும் வந்ததில்ல. நேர்ல பாத்ததில்ல, போன்ல பேசியே பத்து வருஷப் பழக்கம். அந்த மனுஷன்கிட்ட போயி சொல்லு, கண்ணு அவிஞ்சு போச்சான்னு நான் கேட்டதா."

நாஸிம் தோளிலிருந்த மூட்டையைத் தொப்பென்று இறக்கினான்.

"உள்ளதான் இருக்காரு. நீங்களே கேளுங்க."

ஸ்டோர்கீப்பர் சிரித்துக்கொண்டே சரக்கறைக்குள் குனிந்து பார்த்தார். அப்போது கடைசி வரிசை மூட்டைகளும் அவற்றுக்குப் பின்னால் சந்தூக்கும்தான் மிச்சம். அவர் குடையை மடக்கிக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் மூட்டை தூக்கினார். ஆனால் அதனால் பொழுது நின்றுவிடவா போகிறது?

ரானதூவை நெருங்கியபோது மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியிருந்தது. கடல் வற்றி, வாய்க்கால் வாயில் பவளப்பாறை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. தோணி இதற்குமேல் போகாது. சந்தூக்கைச் சின்னப் படகுக்கு மாற்றி, நாஸிமும் அதில் ஏறினான். படகின் அடி பாறையில் தட்டும் மட்டும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஊர் ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் செல்போன் வெளிச்சத்தோடு நின்றிருந்தார்கள். நீண்ட கைகள் சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றின. நாஸிமும் இறங்கித் தோள் கொடுத்தான்.

"நேரே பள்ளிக்கு" என்றார் பெரியப்பா.

"மம்மா?"

"வீட்டுல சொல்லிட்டேன். புரிஞ்சுக்கிட்டா."

அவள் புரிந்துகொள்ளவில்லை. கரையிலிருந்து ஓர் உருவம் தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தது. கறுப்பு அங்கி தண்ணீரில் மிதந்து பரந்தது.

"யாரது, ஸகியாவா?" பெரியப்பா பதறினார். "பொம்பளை இங்க வரலாமா? கரைக்குப் போம்மா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்னு சொன்னது யாரு? அதான் நான் வந்துட்டேன். எறக்குங்க."

"கடல்ல எங்கம்மா எறக்குறது?"

"தோள்லேருந்து கைக்கு எறக்குங்க. அது போதும்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இமாம் தொண்டையைச் செருமினார்; வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தூக்கு தோளிலிருந்து மார்பளவுக்கு இறங்கியது. நாஸிம் ஒரு கையால் மூடியைத் திறந்து, தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, முகத்துத் துணியை விலக்கினான். யாரோ வெளிச்சம் காட்டினார்கள்.

ஸகியா கன்னத்தைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்காரு?" என்றாள் மகனைப் பார்த்து. "மய்யித்து இப்படியா இருக்கும்? எங்கம்மாவைத் தொட்டுப் பாத்திருக்கேன், இப்படி இல்லையே. எங்கடா வெச்சிருந்தீங்க?"

இறைச்சியோடும் கீரையோடும் என்று எந்த மகன் சொல்லுவான்? நாஸிம் சந்தூக்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஸகியா இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்து ஊதினாள். பரபரவென்று தேய்த்தாள். தேய்த்த சூடு ஆறுவதற்குள் புருஷனின் இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்தினாள். கை குளிர்ந்ததும் எடுத்து மறுபடியும் ஊதினாள், மறுபடியும் தேய்த்தாள். நெற்றிக்கு, காதுக்கு, மறுபடி கன்னத்துக்கு.

தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியிருந்தது. தாங்கி நின்றவர்கள் பிடியை மாற்றிப் பிடித்தார்கள்.

"போதும், ஸகியா" என்றார் பெரியப்பா மெல்ல.

"இருங்க. இன்னும் சூடு ஏறலை."

பின்னால் நின்ற இரண்டு பேர் முன்னால் வந்து, களைத்தவர்களிடமிருந்து கை மாற்றிக்கொண்டார்கள்.