கடையடைப்பை எதிர்த்துக் கடையடைப்பு

கோர்ட்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருப்பவன் ஆயுசுக்கும் பட்டினி கிடக்க மாட்டான் என்று நம்பித்தான் பவித்ரனுக்கு அவன் மாமனார் பெண் கொடுத்தார். அவர் போட்ட கணக்கில் குவாரி முதலாளி ஜோஸ்குட்டி இல்லை.

ஜோஸ்குட்டி தன் தொழில் கூட்டாளியை ஆள் வைத்துக் கொன்றாரா இல்லையா என்ற விசாரணை கோட்டப்புழை கோர்ட்டுக்கு வந்தது முதல், அவர் உயிருக்கு ஆபத்து என்று கோர்ட் ரோடு எல்லைப்புறம் மாதிரி ஆகிவிட்டது. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு. பாஸ் இல்லாமல் ஈ நுழைய முடியாது. மாடிகளில் துப்பாக்கிக்காரர்கள். குண்டு துளைக்காத வண்டி, அதற்கு முன்னால் நான்கு ஜீப், பின்னால் நான்கு ஜீப். பவித்ரனின் கண்ணாடிப் பெட்டிக்கு நேர் முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார். வாரத்தில் நான்கு நாள் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்கு முன் வெடிகுண்டு நாய் ஒன்று வந்து கடையை முகர்ந்து பார்க்கும். முட்டை பப்ஸ் தட்டருகே மட்டும் அது கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படும்.

இதற்கெல்லாம் இதுவரை இரண்டே முக்கால் கோடி செலவு என்று யாரோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஊர் கொதித்தது. கோடியைவிட, அந்த நாய்க்கு விருந்தினர் மாளிகையில் ஏசி அறை என்ற விஷயம்தான் ஊரை அதிகம் கொதிக்க வைத்தது.

பவித்ரனுக்கு எரிச்சல் இரட்டிப்பு. அதே கோர்ட்டில், அதே நீதிபதியிடம், இன்னொரு கொலைக்கேஸும் கிடந்தது. அவன் தங்கை ரீஜாவின் புருஷன் சஜீவன் ஆட்டோ ஓட்டினவன். ஸ்டாண்டில் யார் வண்டி முதல் வண்டி என்ற தகராறில், வினீஷ் என்ற இன்னொரு டிரைவர் அவனைக் குத்திவிட்டான். நேரில் பார்த்த சாட்சி ஒரே ஒருவன், ஜாபிர். அப்போது மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது பஹ்ரைனில் வேலை செய்கிறான். இரண்டு தடவை லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, சாட்சி சொல்ல வந்தான். இரண்டு தடவையும் ஜோஸ்குட்டியின் விசாரணை நீண்டுபோய், சஜீவனின் கேஸ் தள்ளிப்போனது. வினீஷ் ஜாமீனில் வெளியே வந்து, அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஆளைக் கொன்னது போதாதா ஏட்டா? இன்னும் கொஞ்சம் பெரிய ஆளாக் கொன்னிருக்கணுமா?" என்று ரீஜா ஒரு நாள் கேட்டாள்.  மேடையில் கடல்மடை திறந்ததுபோல் பேசுகிற பவித்ரன், தங்கை முன்னால் பப்ஸ் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வியாபாரிகள் சங்கக் கூட்டம் ஜவுளிக்கடை மாடியில் கூடியது. ஜவுளிக்கடை சங்கத் தலைவர் குஞ்ஞிராமனுடையது. பவித்ரன் செயலாளர். ஒவ்வொருவராக எழுந்து அழுதார்கள். மனு கொடுத்தாகிவிட்டது, மந்திரியைப் பார்த்தாகிவிட்டது, டி.வி.யில் முகம் காட்டியாகிவிட்டது.

"அப்போ ஒண்ணு செய்யுங்க," என்று பவித்ரன் கடுப்பில் எழுந்தான். "கடையை அடைக்கச் சொல்றாங்கன்னுதானே கோபம்? நாமளே எல்லாக் கடையையும் அடைச்சுடுவோம். ஹர்த்தால்!"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். கைதட்டல் கூரையைத் தூக்கியது. அந்த ஊரில் ஹர்த்தால் என்ற சொல்லை யாரும் கிண்டலாக எடுத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

"எந்த நாள்?" என்றார் குஞ்ஞிராமன்.

"விசாரணை நடக்கிற நாள்லயே வெச்சுடலாம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

இங்கேதான் பவித்ரனின் நாக்கு அவனைக் கைவிட்டது. மேடையேறிய நாக்குக்கு அவன் சொந்தக்காரன் இல்லை. "அன்னைக்குத்தான் போலீஸே அடைச்சு வெச்சிருக்கே. அடைச்ச கடையை அடைச்சா யாருக்குத் தெரியும்? திறந்திருக்கிற நாள்ல அடைச்சாதான் அடைப்பு. திங்கட்கிழமை!"

"ஞாயித்துக்கிழமையோட சேர்ந்து ரெண்டு நாள் லீவு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருபதாம் தேதி திங்கள், காலை முதல் மாலைவரை. கடையும் திறக்காது, வண்டியும் ஓடாது; பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் நீங்கலாக.

நோட்டீஸ் அடித்து ஒட்டிய பிறகு அரசு வக்கீல் சுலோசனா மேடம் போன் செய்தார். "பவித்ரா, நல்ல செய்தி. நீதிபதி நம்ம கேஸை இருபதாம் தேதி எடுக்கிறார். அன்னைக்கு மட்டும் பெரிய கேஸ் தொந்தரவு இல்லை. சாட்சி ஊர்ல இருக்கானா?"

ஜாபிர் ஊரில் இருந்தான். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு அவன் தங்கைக்கு நிக்காஹ். அதற்காகத்தான் வந்திருந்தான். செவ்வாய்க்கிழமை விமானம். இனி ஒரு தடவை லீவு கேட்டால் வேலையைவிட்டே அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பவித்ரன் ஜவுளிக்கடைக்கு ஓடினான்.

"தேதியை மாத்தணும் குஞ்ஞிராமேட்டா."

"ஹர்த்தாலை மாத்துறதா? பைத்தியமா உனக்கு? எல்லாக் கட்சியும் ஆதரவு கொடுத்தாச்சு. ஒண்ணுக்கொண்ணு முகம் பார்க்காத கட்சியெல்லாம் ஒண்ணா நிக்குது. லீவு நாள் சமையலுக்கு ஆளுங்க கோழிக்கு இப்பவே சொல்லி வெச்சுட்டாங்க."

"சரி, கோர்ட்டுக்குப் போறவங்களையாவது விட்டுடலாம். பால், பத்திரிகை மாதிரி."

"எடா, கோர்ட் வேலியை எதிர்த்துத்தான் ஹர்த்தாலே. கோர்ட்டுக்குப் போறவனுக்கு வழி விட்டா ஜனங்க எதால சிரிப்பாங்க? அதுவும் நீயே பேசி வாங்கின திங்கக்கிழமை." அவர் முகத்தில் கேலி இல்லை; அதுதான் பவித்ரனுக்கு அதிகம் வலித்தது.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரின் போராட்டத்துக்கு நடுவில் சொந்தக் கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்ற பேச்சுக்கு அவன் பயந்தான். செயலாளர் பதவி இருக்கிறதே, அது ஆளைப் பெரியவனாக்குகிற மாதிரியே கோழையாகவும் ஆக்கிவிடும்.

ஞாயிறு முழுக்க ஜாபிர் கல்யாணக் கூட்டத்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தான். அவனை அன்றே நகரத்துக்குக் கொண்டுவர வழியில்லை. வீடு மலையடிவாரத்தில். திங்கள் காலை ரீஜாவை உட்காரவைத்துக்கொண்டு, குறுக்குப் பாதைகளில் ஸ்கூட்டரை விட்டுப் பவித்ரன் அங்கே போய்ச் சேர்ந்தான். ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. முற்றத்தில் முந்தின நாள் மாப்பிள்ளை வந்த வெள்ளைக் கார், மல்லிகைச் சரமும் ஜிகினா ரிப்பனுமாக நின்றிருந்தது.

"கல்யாண வண்டியை விடுவாங்கல்ல பவியேட்டா?" என்றான் ஜாபிர். "உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கே."

பவித்ரன் தான் எழுதிய நோட்டீஸுக்கு முதல்முறையாக நன்றி சொன்னான்.

வழியில் மூன்று இடங்களில் மறியல்காரர்கள் ரிப்பனைப் பார்த்ததும் கை காட்டி விட்டுவிட்டார்கள். ஒரு இடத்தில் "பிரியாணி மிச்சமிருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். நான்காவது, கோட்டப்புழை மேம்பாலம். நடுரோட்டில் மரக்கட்டை போட்டு, அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அரசர் மாதிரி உட்கார்ந்திருந்தவர் குஞ்ஞிராமன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஸ்டியரிங்கில் ஜாபிர். பக்கத்தில் தொடைக்கு நடுவே தலையை ஒளித்துக்கொண்டிருந்த தன் செயலாளர்.

"பவித்ரா. என்னத்தைத் தேடுற கீழே?"

"செருப்பு, குஞ்ஞிராமேட்டா."

"கால்லதான் இருக்கு." அவர் பின்சீட்டில் தனியாக இருந்த ரீஜாவைப் பார்த்தார். "மாப்பிள்ளை யாரு? பொண்ணு எங்கே?"

சங்கத்துப் பையன்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். "ஹர்த்தால் சொன்ன செயலாளரே வண்டியில போறாரு!" என்று ஒருவன் கூவினான். இன்னொருவன் செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தான். பவித்ரன் வாயைத் திறந்தான். அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிற வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

ரீஜா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"பொண்ணு நான்தான்," என்றாள். "பழைய பொண்ணு. என் புருஷன் சஜீவனைத் தெரியுமா உங்களுக்கு? உங்க ஜவுளிக்கடைக்கு ஓணத்துக்கு மூட்டை ஏத்திட்டு வருவார். அவரைக் கொன்ன கேஸ் இன்னைக்கு. பார்த்த சாட்சி இவர். நாளைக்கு பஹ்ரைன் போயிடுவார், இனி வரமாட்டார். குவாரிக்காரர் கேஸுக்காக ரெண்டு தடவை எங்களைத் திருப்பி அனுப்பினாங்க. அதை எதிர்த்து நீங்க போராடறீங்க, சரி. அதுக்காக மூணாவது தடவை நீங்க திருப்பி அனுப்பறீங்களா?"

படம் பிடித்த பையன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

குஞ்ஞிராமன் பவித்ரனைத்தான் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு உனக்கு வாய் வலிச்சுதா? ஊருக்கெல்லாம் பேசறியே, கழுதை!"

"சொந்தக் காரியம்னு..."

"கொலை என்னடா சொந்தக் காரியம்!"

அவர் நாற்காலியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். மரக்கட்டையை இழுக்கச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்தார். கோர்ட் ரோட்டுக்குள் இன்னும் இரண்டு மறியல் இருந்தது. அங்கே இருந்தவர்கள் வேறு கட்சி. தனியாகப் போகிற வண்டியை விட மாட்டார்கள்.

"எடா, நாலு பேர் வண்டியை எடுங்க. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. கறுப்புக் கொடியை உயர்த்திப் பிடிங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க." அவரே பவித்ரனைப் பின்சீட்டுக்குத் தள்ளிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அப்படித்தான் கோட்டப்புழை சரித்திரத்தில் முதல்முறையாக, ஹர்த்தாலை மீறிய ஒரு வண்டிக்கு ஹர்த்தால்காரர்களே பாதுகாப்புக் கொடுத்தார்கள். மல்லிகைச் சரம் காற்றில் பறந்தது. ஹர்த்தால் காவலுக்காக மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் எழுந்து சல்யூட் வைத்துவிட்டார்.

கோர்ட்டில் ஈ காக்கை இல்லை. நீதிபதி வந்திருந்தார். சுலோசனா மேடம் கணவரின் ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு வந்திருந்தார். வினீஷ்கூட வந்திருந்தான், பஸ் இல்லாததால் நடந்தே வந்து, சட்டையெல்லாம் நனைந்து, சுவரோரம் நின்றான். எதிர்த்தரப்பில் ஜூனியர் பெண் ஒருத்தி மட்டும். அவள் எழுந்து, "சீனியர் வரமுடியலை, ஹர்த்தால்," என்றாள்.

பவித்ரனுக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவர் தேவைப்பட்டது. மூன்றாவது தடவையும் தள்ளிப்போடப் போகிறார்கள். இந்தத் தடவை பழியை ஜோஸ்குட்டிமேல் போடவும் முடியாது.

நீதிபதி நிமிர்ந்து ஜாபிரைப் பார்த்தார். அவன் காதோரம் ஒரு ஜிகினாத் துண்டு ஒட்டியிருந்தது. "முதல் விசாரணையை இப்பவே பதிவு பண்ணிடலாம். குறுக்கு விசாரணை அடுத்த மாசம், வீடியோல," என்றார்.

ஜாபிர் கூண்டேறினான். ஸ்டாண்டில் வண்டி நின்ற இடம், வினீஷ் வந்த பக்கம், கத்தி, எல்லாம் சொன்னான். வினீஷைக் கைகாட்டச் சொன்னபோது காட்டினான். வினீஷ் தலையைத் தூக்கவில்லை.

"குத்துப்பட்டவர் ஏதாவது சொன்னாரா?" என்று சுலோசனா மேடம் கேட்டார்.

ஜாபிர் சொன்னான். மின்விசிறிச் சத்தத்தில் ரீஜாவுக்குப் பாதி கேட்கவில்லை. நீதிபதி அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல, தட்டச்சுக்காரர் தட்டினார்: குத்துப்பட்டவர், இச்சம்பவத்தைத் தன் மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாமென்று சாட்சியிடம் கேட்டுக்கொண்டார், என்கிற மாதிரி ஏதோ.

வெளியே வந்தபோது குஞ்ஞிராமன் படியில் நின்றிருந்தார். "முடிஞ்சுதா?"

"பாதி முடிஞ்சுது," என்றான் பவித்ரன். "மீதி அடுத்த மாசம். சீனியர் வக்கீல் ஹர்த்தாலுக்கு மரியாதை கொடுத்துட்டார். இந்தத் தடவை தள்ளிப்போட வெச்சது நான்தான்."

 ரீஜா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் ஜாபிரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ளே என்ன சொன்னீங்க? எனக்குச் சரியாக் கேக்கல."

"அதான் சேச்சி, வீட்டுக்குச் சொல்லாதேன்னு..."

"கோர்ட்டுக்குச் சொன்ன மாதிரி வேண்டாம். அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஜாபிர் பவித்ரனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு, வேறு யாருடைய குரலையோ தேடி எடுப்பதுபோல், மெதுவாகச் சொன்னான்.

"டேய், ரீஜாகிட்ட இதைச் சொல்லிடாதே. டயர் பஞ்சர், கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லு. அவ சாப்பிட்டுப் படுக்கட்டும்."