அம்மாவைக் கரை சேர்த்தவன்

தையற்காரி ஐம்பது வயதைத் தாண்டியவள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அக்கரை நாட்டில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர் ஒருமுறை கோட்டுக்குப் பொத்தான் தைக்க அவளிடம் வந்தார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு பொத்தான் அறுந்தது.

அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும், வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. லாரி மெக்கானிக்கான மகன் மட்டும் நல்லதும் சொல்லவில்லை, பொல்லாததும் சொல்லவில்லை. “கார்லயே கொண்டுபோய் விடறேன்” என்றதோடு சரி.

அக்கரைக்குப் போகும் கப்பலின் அடித்தட்டில் கார்களை நெருக்கி நிறுத்தவைத்தார்கள். அவள் பக்கத்துக் கதவு இரும்புச் சுவரை ஒட்டிக்கொண்டது. கியரைத் தாண்டி மகன் பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருந்தது.

“பாத்தும்மா, கல்யாணப் பொண்ணு நொண்டிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

வாய் தவறி வந்துவிட்டது. கல்யாணம் என்ற சொல்லை அவன் எடுத்ததே அப்போதுதான். சட்டென்று திரும்பிப் படியேறினான்.

மேல்தட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கடல் அசையாமல்தான் கிடந்தது. ஆனாலும் கரை மறைந்ததுமே மகனுக்கு முகம் வெளுத்து, குடலைப் புரட்டியது. கப்பல்காரர்கள் கொடுத்த வாளியை அவன் முன்னால் வைத்து, அம்மா அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு யாரைக் கொண்டுபோய் விடறாங்கன்னே தெரியலம்மா” என்று முனகினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வயிறு காலியானதும் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தான்.

“எல்லாரும் பொண்ணைக் கரை சேப்பாங்க, நீ அம்மாவைக் கரை சேக்கறியான்னு பட்டறையில கிண்டல் பண்றாங்க.”

“கோவம் இருந்தா என்கிட்டயே காட்டிடுப்பா.”

“கோவமெல்லாம் இல்ல. இனிமே சாயங்காலம் வீட்டுக்கு வந்தா லைட்டு எரியாது. அதுதான்.”

இத்தனை நாளாகக் கோபம் என்றே அவள் நினைத்திருந்தாள். அவன் தலையைக் கோதினாள்.

“அங்க பிடிக்கலன்னா ஒரு போன் போடு. வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறேன்.”

“பிடிச்சிருந்தா?”

“அப்பவும் போடு.”

அக்கரையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தபோது, ரொட்டிக்கடைக்காரர் தேய்த்த சட்டையோடு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தார். மகன் காரை ஓரங்கட்டி இறங்கினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகன் சாவியை நீட்டினான். “ரோடு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே ஓட்டுங்க. எனக்கு இன்னும் தலை சுத்துது.”

“சரி தம்பி, நீ பின்னால படுத்துக்க.”

“கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். மெக்கானிக் வீட்டுக் காரு, அப்படித்தான் இருக்கும்.”

முதல் திருப்பம் வருவதற்குள் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. ரொட்டிக்கடைக்காரர் கார் குலுங்காதபடி வேகத்தைக் குறைத்தார்.