ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

சித்தப்பாவின் கையிலிருந்த போனை அவள் பிடுங்கியதைக் கூடத்தில் இருந்த பதினேழு பேரும் பார்த்தார்கள். பார்க்காத ஒரே ஆள் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்த அத்தைதான். உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள்.

"ஏம்மா, பெரியவன் கையிலேருந்து இப்படியா பிடுங்குவே?" என்றார் சித்தப்பா. சித்தியின் கணவர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், குரலுக்கு இல்லை. "கூடப் பொறந்த தம்பி உயிரோட இருக்கான். அவனுக்குச் சொல்லாம அக்காவை எடுக்கிறதாவது! கேட்டா சிரிப்பாங்க."

"சொன்னா அப்பா என்ன செய்வாரு சித்தப்பா? அடிச்சுப் பிடிச்சுக் கிளம்புவாரு. ரெண்டு விமானம் மாறி வந்து சேர ரெண்டு நாள் ஆகும். அத்தைதான் வேணாம்னுட்டாங்களே."

"எப்ப சொன்னாங்க? யாரு சாட்சி?"

"நான்தான் சாட்சி" என்றது சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல்.

எதிர்வீட்டு அக்கா. தெருவில் அவளுக்கு வானொலி என்று பெயர். அவள் காதில் விழுந்த சேதி தெருமுனையைத் தாண்ட அரைமணி நேரம் ஆனால், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். காலையில் அத்தை மூச்சு வாங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் எதிர்வீட்டிலிருந்து எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் வருவாள்.

"என் காதாலே கேட்டேன்" என்றாள் வானொலி. "'முப்பத்திநாலு வருஷம் ஊரான் சாவுக்கெல்லாம் ஓடினவன். என் சாவுக்கும் ஓட வேணாம். சுத்திப் பாத்துட்டு மெதுவா வரட்டும்'னு இந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாங்க."

பதில் இல்லாதபோது வாத்தியார்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சித்தப்பாவும் பார்த்தார். மூன்று இருபது. "நாலரைக்கு வண்டி வருது. நாலு மணிக்கு அவனே கூப்பிடுவான். அப்ப என்ன சொல்றேன்னு பாக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதுதான் மகளுக்கும் தெரியவில்லை.

அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஒரு முழுச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரருக்குப் படபடப்பு வந்துவிடும், அத்தனை அவசரம். அதனால்தான் அம்மா ஜப்பானுக்குப் போகலாம் என்றதும் தெருவே சிரித்தது. ஏதோ சித்தாடை கட்டின பெண் மாதிரி அறுபத்தைந்து வயதில் ஆசையைப் பார் என்றார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினாள். இருபத்தொரு நாள். ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்கு மேல் கிடையாது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில் மட்டும். "உலகத்துலயே வேகமான ரயில் ஓடுற ஊருக்குப் போயி கட்டை வண்டியில ஏறுவாங்களாம்" என்று வானொலி ஒரு வாரம் இதையே ஒலிபரப்பினாள்.

அப்பா கிளம்ப மாட்டேன் என்றார். அக்காவை விட்டுவிட்டு எப்படி? அவரைப் பெற்ற பாட்டி செத்தபோது அவருக்கு நாலு வயது, அத்தைக்குப் பதினாறு. அன்றிலிருந்து அவருக்குச் சோறு ஊட்டியதும் அடித்ததும் அவள்தான். அத்தை ஒரே வார்த்தையில் முடித்தாள்: "போகலேன்னா உன்னோட பேச மாட்டேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அத்தைக்குக் கோபம் வந்தால் தன் பிரம்பு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மூன்று நாள் முதுகுதான் தெரியும். சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். நாற்காலி திரும்பிவிட்டதா என்று தெருவே விசாரிக்கும்.

போனவர்கள் தினமும் நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அந்தச் சமயம் பார்த்து வானொலி கொஞ்சம் சர்க்கரை கேட்டு வருவாள். பன்னிரண்டு நாளில் அவள் வாங்கிய சர்க்கரையில் ஒரு கல்யாணமே நடத்தலாம். அப்பா சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூன்றாம் நாள், விடுதி வாசலில் கழற்றிய செருப்பை அங்கே இருக்கிற பெண் ஒருத்தி குனிந்து, போகிற பக்கம் பார்க்கத் திருப்பி வைத்ததை அப்பா அதிசயமாகச் சொன்னார். "திரும்பிப் போகும்போது சிரமம் இருக்கக் கூடாதாம்க்கா." "நம்ம தெருவுல போட்ட செருப்பு போட்ட இடத்துல இருந்தாலே பெரிசு" என்றாள் வானொலி.

மூன்று ஐம்பது. மகள் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று அடுக்கிப் பார்த்தாள். தூங்குகிறாள் என்றால் உடனே பிடித்துவிடுவார். அத்தை பகலில் கண்ணயர்ந்ததே இல்லை. வெளியே போயிருக்கிறாள் என்று சொல்ல முடியாது. வாசற்படி தாண்டி இரண்டு வருடம் ஆகிறது. எடுக்காமலே விட்டால் ஐந்தே நிமிடத்தில் தெருவில் பத்துப் பேரைக் கூப்பிட்டுவிடுவார், தொழில் புத்தி. அந்தப் பத்துப் பேரும் இப்போது கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. கூடத்தில் பேச்சு நின்றது. அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

அப்பா விடுதியில் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு, முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். பக்கத்தில் அம்மாவின் தோள்.

"இன்னைக்கு என்ன பாத்தோம் தெரியுமா? ஒரு குளம். குளத்துல ஒரு ஆமை. மூணு மணி நேரம்! உங்கம்மா எந்திரிக்கவே விடல."

"ஆமை என்னப்பா செஞ்சுது?"

"கடைசியில கல்லு மேல ஏறிடுச்சு." ஏதோ தானே ஏற்றிவிட்டதுபோல் சிரித்தார். "எங்க அக்கா?"

நாக்கு தானாகவே சொன்னது. "கோவமா இருக்காங்கப்பா."

"யார் மேல?"

"உங்க மேலதான். நேத்து பேசிட்டிருக்கும்போதே பாதியில வெச்சிட்டீங்களாம்."

அது பொய்யில்லை. நேற்று அத்தை ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அங்கே சூப்பு வந்துவிட்டது. ஆறிவிடும், அப்புறம் பேசறேன்க்கா என்று அப்பா வைத்துவிட்டார். அத்தை நாற்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். இரண்டு பக்கமும் போனை வைத்த பிறகுதான் பலகையில் செருகிய பிளக்கை உருவ வேண்டும் என்பது அவளுக்கு வேதம். அணைந்துபோன போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேசி முடிக்கல, அதுக்குள்ள வெச்சிட்டான் பாரு" என்றாள். கோபம் இல்லை. சும்மாதான் சொன்னாள்.

அப்பாவின் சிரிப்பு இறங்கியது. "நாற்காலியைத் திருப்பிட்டாளா?"

"ம்."

"அவகிட்டக் கொண்டு போ."

"அப்பா, இப்ப வேணாம். நாளைக்கு…"

"முதுகையாவது காமிம்மா. நான் பேசிக்கறேன்."

அவள் அத்தையின் அறையை நோக்கி நடந்தாள். பத்தடி தூரம். போனில் தன் முகம் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். அறையில் காலி நாற்காலிதான் இருக்கும். கை தவறிப் போன் விழுந்து உடைந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். கதவைத் தள்ளினாள்.

நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பழுப்புச் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு முதுகு உட்கார்ந்திருந்தது.

நாற்காலிக்கு அடியில் ஒரு பாதம் தெரிந்தது. கொலுசு போட்ட பாதம். அத்தை கொலுசு போட்டதே இல்லை. அவள் பார்த்ததை உணர்ந்தது போல அந்தப் பாதம் சேலைக்குள் போய்க்கொண்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் காது வைத்துக் கேட்டு, பின்கட்டு வழியாக ஓடி வந்திருக்கிறாள் வானொலி. ஆயுசு முழுக்க ஒட்டுக் கேட்டதில் உருப்படியான காரியம் அன்றைக்குத்தான் நடந்தது.

மகள் போனைத் திருப்பினாள்.

"அக்கா" என்றார் அப்பா.

முதுகு அசையவில்லை.

"சூப்பு ஆறினா ஆறட்டும்னு இருந்திருக்கணும். தப்புதான். என்ன சொல்ல வந்தே நேத்து?"

கூடத்தில் யாரோ இருமுவது கேட்டது.

"சரி, சொல்லாதே. நான் ஒண்ணு சொல்றேன். கிளம்பும்போது நீ வாசல்ல நின்னே. நான் உன் மூஞ்சியைப் பாக்காமலே வண்டியில ஏறிட்டேன். கவனிச்சிருப்பே. அது தொழில் பழக்கம்க்கா. ஆளை ஏத்தினதும் வாசல்ல நிக்கறவங்க மூஞ்சியை நான் பாக்கவே மாட்டேன். பாத்தா கை நடுங்கும், ஓட்ட முடியாது. அன்னைக்கும் பாத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன். அதான்." அங்கியின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டார். "வந்து பாத்துக்கறேன். உக்காந்து, நல்லா, ஒரு நாள் முழுக்க. ஆமையைப் பாத்த மாதிரி."

சால்வை லேசாக நடுங்கியது.

"ஏய், சிரிக்கிறா பாரு!" என்றார் அப்பா அம்மாவிடம். "முதுகு குலுங்குது. இறங்கிட்டா. இன்னைக்கு நான் வைக்க மாட்டேன்க்கா. நீ வெச்ச பிறகுதான். எவ்வளவு நேரமானாலும் சரி."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. "நேரமாச்சு, ஆளுங்க வாங்கப்பா" என்று வாத்தியார் குரல், வகுப்பறையின் கடைசி வரிசை வரை எட்டுகிற குரல்.

"யாரு, வாத்தியாரா? வீட்ல என்ன?"

"சித்தப்பா… சும்மா வந்தாருப்பா. அலமாரியை நகர்த்தணும்னு கூப்பிட்டேன்."

"அலமாரிக்கு எதுக்கு ஆளுங்க?"

"இப்படிக் குடுங்க" என்று அம்மா போனை வாங்கினாள். முகத்துக்கு வெகு கிட்டத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. அம்மா முதுகைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. முதுகுக்கு அப்பால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வாசற்படி. படியில் ஒன்றன்மேல் ஒன்றாக, இருபது முப்பது ஜோடிச் செருப்பு.

அம்மாவின் வாய் திறந்து மூடிக்கொண்டது.

"என்ன தெரியுது?" என்றார் அப்பா பக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்லே. வெளிச்சம் கண்ணைக் கூசுது." அம்மா போனைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணி, நாங்க நோட்டுல எழுதின மாதிரியே முடிச்சுட்டு வரோம். இன்னும் ஒன்பது நாள். நான் இவரைப் பாத்துக்கறேன்." குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "நாளையிலேருந்து மலைப் பக்கம். அங்கே போன் எடுக்காதாம். கூப்பிடலேன்னு யாரும் தேட வேணாம்."

"எடுக்காதா? யாரு சொன்னா?" என்றார் அப்பா.

"நான்தான் சொல்றேன்."

"ஒன்பது நாளா? அப்ப இன்னைக்கு வைக்கவே மாட்டேன்." போன் மறுபடி அவர் கைக்குப் போயிருந்தது. "அக்கா, இருக்கேன். நீ வை முதல்ல."

அறைக் கதவை யாரோ தட்டினார்கள். அவள் காலால் கதவை அடைத்து நின்றாள்.

அப்போது சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. தெருவில் எல்லோரையும் போல நடித்துக் காட்டுகிற கை அது. அத்தையை எத்தனையோ தரம் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்த கை. இரண்டு விரலை வளைத்து, எதையோ பிடித்து, ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் இழுத்தது. பிளக்கை உருவுகிற அதே இழுப்பு. பிறகு இரண்டு தரம் விரலை அசைத்தது. போ, போ.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பிடுங்கிட்டா! சரிக்கா, சரி. வெச்சிடறேன்."

திரை இருண்டது.

நாற்காலி திரும்பவில்லை. அவள் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி கதவு தட்டப்பட்டபோது வானொலி எழுந்து சால்வையை மடித்தாள். நாலு மடிப்பாக, ஓரம் சேர்த்து, நாற்காலியில் வைத்தாள்.

நாலு நாற்பதுக்கு அத்தையை எடுத்தார்கள். வண்டிக்குப் பின்னால் தெரு நடந்து போனது. பெண்கள் நாலைந்து பேர் வானொலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னதான் சொன்னாரு தம்பிக்காரரு? உள்ளேதானே இருந்தே?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வானொலி.

"உனக்கா தெரியாது?"

"தெரியாதுன்னா தெரியாது. போயி வேலையைப் பாருங்க."

எல்லோரும் போன பிறகு படியில் இரண்டே ஜோடிச் செருப்புகள் மிஞ்சியிருந்தன. ஒன்று வானொலியுடையது. இன்னொன்று அத்தையுடைய நீல ரப்பர் செருப்பு, இரண்டு வருடமாக வீட்டைப் பார்த்தபடி சுவரோரம் கிடந்தது. கதவருகில் நின்ற மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வானொலி குனிந்தாள். நீலச் செருப்பை எடுத்து முந்தானையால் தூசு தட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்தாள். பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டு, சர்க்கரை கேட்காமல், எதிர்வீட்டுக்குப் போனாள்.